உறை வேறு, பூட்டு வேறு

பெற்றோர் கூட்டம் ஒன்றில்தான் என் பாடத்தில் இருந்த பிழை எனக்குத் தெரிய வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் அப்பாவுடன் வந்திருந்தாள். அவர் மதுக்கரையிலிருந்து சிமெண்ட் ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர். மதிப்பெண் பேச்செல்லாம் முடிந்த பிறகு, அப்பாவின் கைப்பேசியை வாங்கி என்னிடம் நீட்டினாள். திரையின் மேல் ஓரத்தில் சிறிய சாவிக் குறி ஒன்று தெரிந்தது.

"ஃப்ரீ விபிஎன் போட்டிருக்கேனுங்க சார். காலேஜ் அப்ளிகேஷனை இனி பஸ் ஸ்டாண்டு வைஃபைல கூட போடலாமுங்க. டன்னல் வழியா போனா யாரும் பாக்க முடியாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

சொன்னேன்தான். கரும்பலகையில் இரண்டு கோடு இழுத்து, நடுவில் ஒரு குழாய் வரைந்து, "இதற்குள் போவது வெளியே தெரியாது" என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். அவள் அப்பா இன்னொரு கேள்வியும் போட்டார். "அப்ப இது இருந்தா பேங்க் வேலையெல்லாம் எங்க இருந்து வேணாலும் பண்ணலாமுங்களா சார்?" என்னால் உடனே ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. திங்கட்கிழமை சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

பிழை எங்கிருந்து வந்தது என்று யோசித்தபோது அதன் வேர் பாடப்புத்தகச் சொல்லிலேயே இருப்பது புரிந்தது. கணினி அறிவியல், கணினிப் பயன்பாடுகள் என்ற இரண்டு பிரிவுகளுக்கும் நான் பாடம் எடுக்கிறேன். பதினொன்றாம் வகுப்பில் சி++ நடத்தும்போது உறைபொதியாக்கம் என்ற சொல் வரும். தரவையும் அதைக் கையாளும் செயற்கூறுகளையும் ஒரே இனக்குழுவுக்குள் கட்டி வைப்பது. அதை ஒட்டியே தரவு மறைத்தலும் வரும். உள்ளே இருப்பதை வெளியார் தொட முடியாது என்று அங்கே அழுத்திச் சொல்வோம். பன்னிரண்டாம் வகுப்பில் வலையமைப்பு நெறிமுறைகளுக்கு வரும்போது ஆங்கிலத்தில் அதே சொல் மறுபடி வருகிறது. அங்கே சொன்ன மறைத்தலை நான் அப்படியே இங்கே தூக்கி வந்துவிட்டேன். வலையமைப்பில் உறையிடுவது என்றால் மறைப்பது அல்ல. ஒரு பொட்டலத்துக்கு முன்னால் இன்னொரு முகவரியை ஒட்டுவது, அவ்வளவுதான்.

முதலில் சாதாரண உறையிடலைப் பார்ப்போம். நாம் அனுப்பும் ஒரு செய்தியை டிசிபி தன் தலைப்பை ஒட்டி ஐபியிடம் கொடுக்கிறது. ஐபி தன் முகவரித் தலைப்பை ஒட்டி ஈதர்நெட்டிடம் கொடுக்கிறது. ஒவ்வோர் அடுக்கும் மேலடுக்கு கொடுத்ததைப் பிரித்துப் பார்க்காமல் தன் உறையைப் போடுகிறது. இணையத்தில் போகும் எல்லாமே இப்படித்தான் போகிறது. இதற்குச் சுரங்கம் என்று யாரும் பெயர் சொல்வதில்லை. ஐபி பொட்டலம் ஒன்று இன்னோர் ஐபி பொட்டலத்துக்குள் ஏறும்போது, அல்லது கீழடுக்கின் ஈதர்நெட் சட்டகம் மேலடுக்கின் யுடிபிக்குள் ஏறும்போது, அதாவது அடுக்கு வரிசை தலைகீழாகவோ இரட்டிப்பாகவோ ஆகும்போதுதான் அது சுரங்கவழி ஆகிறது.

இதற்கு நம் மாவட்டத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கிலோமீட்டர் ஓடும் நீலகிரி மலை ரயில், 1000 மில்லிமீட்டர் அகலமுள்ள மீட்டர் பாதையில் ஓடுகிறது. அதற்கான நீராவி எஞ்சின்கள் சிலவற்றைச் செய்து கொடுத்தது திருச்சி பொன்மலைப் பணிமனை. மேட்டுப்பாளையத்துக்கும் திருச்சிக்கும் நடுவில் இப்போது இருப்பதெல்லாம் 1676 மில்லிமீட்டர் அகலப்பாதை. மலை ரயில் எஞ்சின் அதில் ஓடாது. எனவே எஞ்சினை நீண்ட டிரெய்லர் லாரியில் ஏற்றிச் சாலை வழியாகக் கொண்டு வருகிறார்கள். சக்கரம் உள்ள ரயில், சக்கரம் உள்ள லாரியின் மேல் ஏறி வருகிறது. வழியில் சுங்கச்சாவடிக்காரர் பார்ப்பது லாரியின் எண்ணை மட்டும். எஞ்சினின் எண் அவருக்குத் தேவையில்லை. மேட்டுப்பாளையம் வந்து லாரியிலிருந்து இறங்கித் தண்டவாளத்தில் ஏறியதும், அது எதுவுமே நடக்காததுபோல் மறுபடி ரயில் எஞ்சின்.

அதே மேட்டுப்பாளையத்தில் பயணிகள் செய்வது வேறு. சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸில் இறங்கி, மலை ரயிலில் மாறி ஏறுகிறார்கள். வலையமைப்பில் இதற்கு முகவரி மாற்றம் என்று பெயர். பழைய உறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிய உறை மாட்டுவது. சுரங்கவழியில் பழைய உறை உள்ளே அப்படியே இருக்கும். மாணவர்கள் இந்த இரண்டையும் அடிக்கடி குழப்பிக்கொள்வார்கள். இறங்கி ஏறினால் மாற்றம், ஏற்றி இறக்கினால் சுரங்கம் என்று நான் சொல்லித் தருகிறேன்.

இங்கே கவனிக்க வேண்டியது, லாரியில் வரும் எஞ்சினைச் சாலையோர டீக்கடையில் நிற்பவர்கள் எல்லாருமே பார்க்கலாம் என்பது. லாரியில் ஏற்றியதால் எதுவும் மறைந்துவிடவில்லை. சுரங்கம் என்ற பெயர்தான் நம்மை ஏமாற்றுகிறது. உதகை போகும் வழியில் 16 சுரங்கங்கள் உண்டு. அவற்றுக்குள் போனால் ரயில் நிஜமாகவே கண்ணில் படாது. வலையமைப்பில் சுரங்கம் என்பது அந்த மாதிரி இல்லை. லாரியில் ஏறிய எஞ்சின் மாதிரி.

வரலாற்றைப் பார்த்தாலும் இது தெளிவாகும். முதலில் வந்த சுரங்கவழிகள் ரகசியத்துக்காக வந்தவை அல்ல. 1992இல் எம்போன் என்ற சோதனை வலையமைப்பை அமைத்தார்கள். ஒரே ஒலிபரப்பைப் பலருக்கும் ஒரே சமயத்தில் அனுப்பும் பொட்டலங்களை அன்றைய ரவுட்டர்கள் பெரும்பாலானவை புரிந்துகொள்ளாது. புரிந்துகொள்ளும் இடங்கள் அங்கங்கே தீவுகளாக இருந்தன. அந்தத் தீவுகளைச் சாதாரணப் பொட்டலங்களுக்குள் ஏற்றி இணைத்தார்கள். 1996இல் தொடங்கிய 6போன் இதையே ஐபிவி6க்குச் செய்தது. புதிய முகவரி முறையை அறியாத பழைய பாதைகளின் மேல் புதிய பொட்டலங்களை ஏற்றி அனுப்பி, 2006 ஜூன் 6 அன்று, இனித் தேவையில்லை என்று மூடிவிட்டார்கள். இன்று இந்தியாவிலிருந்து கூகுளை அணுகுவோரில் பாதிக்கும் மேற்பட்டோர் நேரடியாக ஐபிவி6இல்தான் வருகிறார்கள். தீவாக இருந்தது நாடாகிவிட்டது.

நெறிமுறைகளை ஒப்பிட வேண்டுமானால் பட்டியலை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒவ்வொன்றிடமும் நாலு கேள்வி கேட்டால் போதும். எது ஏறுகிறது? எதன் மேல் ஏறுகிறது? வண்டியின் சொந்த எடை எவ்வளவு? பூட்டு உண்டா?

மிக எளியது ஐபிக்குள் ஐபி. 1996இல் வரையறுத்தார்கள். ஏறுவதும் ஐபி, சுமப்பதும் ஐபி. கூடுதல் எடை 20 பைட். பூட்டு இல்லை. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1994இல், ஜிஆர்இ என்ற பொது உறையிடல் முறை வந்துவிட்டது. இதன் நன்மை, ஐபி மட்டுமல்லாமல் வேறு பலவற்றையும் சுமக்கும் என்பது. உள்ளே இருப்பது எந்த வகை என்று எழுதி வைக்கத் தலைப்பில் தனி இடம் உண்டு. வெளி ஐபி தலைப்பின் 20 பைட்டோடு தன் 4 பைட்டையும் சேர்த்து 24 பைட். இதிலும் பூட்டு இல்லை. வேடிக்கை என்னவென்றால், ஜிஆர்இ தலைப்பில் விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் புலம் ஒன்றுக்குச் சாவி என்றே பெயர். அது எந்தப் பூட்டையும் திறப்பதில்லை. ஒரே இரண்டு முனைகளுக்கு நடுவே ஓடும் பல சுரங்கங்களை வேறுபடுத்திக் காட்டும் அடையாள எண், அவ்வளவுதான். பெயரைப் பார்த்து நம்பினால் என் மாணவியின் கைப்பேசியில் தெரிந்த சாவிக் குறியை நம்பிய கதைதான்.

வண்டியின் சொந்த எடை என்ற மூன்றாவது கேள்வியைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. அது எங்கள் ஆய்வகத்தையே ஒரு வாரம் முடக்கியது.

கோடை மழை இடியில் பள்ளி ரவுட்டர் எரிந்துபோய், புதியது மாட்டியிருந்தோம். அதன் பிறகு உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் விசித்திரமான கோளாறு. தேடுபொறி திறக்கும். சிறிய பக்கங்கள் திறக்கும். மாணவர்கள் இணையவழித் தேர்வுக்குள் நுழைந்தால் பெயர் வரை தெரியும், வினாக்கள் வராது, வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பராமரிப்புக்கு வந்தவர் பிங் அடித்துப் பார்த்தார், பதில் வந்தது. "லைன் நல்லாத்தானுங்க இருக்குது, உங்க கம்ப்யூட்டர்தான் பழசு" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் அதை நம்பி இரண்டு கணினிகளுக்கு இயங்குதளத்தையே புதிதாக நிறுவினேன். தேர்வு எழுத முடியாத பிள்ளைகளை அடுத்த நாள் வா, அடுத்த நாள் வா என்று அலைய விட்டேன்.

காரணம் 8 பைட். வீடு, பள்ளி அகலக்கற்றை இணைப்புகள் பலவற்றில் பிபிபிஓஇ என்ற உறையிடல் ஓடுகிறது. 1999இல் வந்தது. நாம் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணைவது இதற்காகத்தான். யார் இணைந்திருக்கிறார்கள் என்று சேவை தருபவர் கணக்கு வைப்பதற்கான உறை இது. இதுவும் பூட்டு அல்ல. ஈதர்நெட் சட்டகம் ஒன்று 1500 பைட் வரை சரக்கு ஏற்றும். பிபிபிஓஇ அதில் 8 பைட்டைத் தனக்கு எடுத்துக்கொள்கிறது. மிச்சம் 1492.

ரயில்வே கீழ்ப்பாலங்களின் முன்னால் உயரத் தடுப்புக் கம்பி ஒன்று கட்டியிருப்பார்கள். எஞ்சின் தனியாக அந்தக் கம்பிக்குக் கீழே போய்விடும். லாரியின் மேல் ஏறிவிட்டால் இடிக்கும். இடித்தால் பாலத்துக்காரர், உயரத்தைக் குறைத்து அனுப்பு என்று ஆள் அனுப்பிச் சொல்ல வேண்டும். இணையத்திலும் அப்படி ஓர் ஏற்பாடு உண்டு. பெரிதாக இருக்கிறது, சிறிதாக அனுப்பு என்ற செய்தி, அனுப்பியவருக்குத் திரும்பிப் போகும். ஆனால் பாதுகாப்பு என்று நினைத்துப் பல இடங்களில் அந்தச் செய்தியையே தடுத்து வைத்திருக்கிறார்கள். விளைவு, பெரிய பொட்டலம் ஓசையின்றிக் காணாமல் போகிறது. அனுப்பியவர் மறுபடி அதே அளவில் அனுப்புகிறார். மறுபடி காணாமல் போகிறது. சிறிய பக்கம் திறப்பதும் பெரிய பக்கம் சுற்றிக்கொண்டே இருப்பதும் இதனால்தான். பிங் பொட்டலம் மிகச் சிறியது. அது எந்தக் கம்பியிலும் இடிக்காது.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. பிங் கட்டளையில், உடைக்காதே என்ற குறியையும் பொட்டலத்தின் அளவையும் சேர்த்துக் கொடுக்கலாம். 1472 என்று கொடுத்தேன். அதோடு தலைப்புகளின் 28 பைட் சேர்ந்தால் சரியாக 1500. பதில் இல்லை. 1464 என்று குறைத்தேன். 28 சேர்ந்தால் 1492. உடனே பதில் வந்தது. ரவுட்டரின் அமைப்பில் எம்டியு என்ற கட்டத்தில் 1500 என்று இருந்ததை 1492 என்று மாற்றினேன். வினாத்தாள் திறந்தது. தொடக்கப் பள்ளியின் திறன்மிகு வகுப்பறையில் காணொலி பாதியில் நின்று, தேடுபொறி மட்டும் நன்றாகத் திறந்தால், திரையைக் குறை சொல்வதற்கு முன் இதைச் சோதித்துப் பாருங்கள்.

மாணவியின் அப்பாவுக்கு இந்த எடைக் கணக்கு நான் சொல்லாமலே தெரியும். எடைமேடையில் வெற்று வண்டி எடையைக் கழித்துத்தானே சரக்கு எடையைச் சொல்கிறார்கள்? சரக்கு குறைவாக இருந்தால் வெற்று வண்டியின் பங்கு கூடிவிடும். குரல் அழைப்பின் பொட்டலம் ஒன்று ஏறத்தாழ 200 பைட் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், அதன் மேல் 60 பைட் உறை போடுவது 30 விழுக்காடு கூடுதல் சுமை. 1400 பைட் காணொலிப் பொட்டலத்துக்கு அதே உறை 4 விழுக்காட்டைச் சற்றே தாண்டும். விபிஎன் போட்டதும் நெட் மெதுவாகிறது என்று பிள்ளைகள் சொல்வதற்கு இது ஒரு காரணம். சுற்றுவழி இன்னொரு காரணம்.

இனி, நம் எல்லாரிடமும் இருந்தும் யாருக்கும் தெரியாத சுரங்கம் ஒன்று. மதுக்கரையில் பேருந்து ஏறி உக்கடம் போகிறோம். கைப்பேசியில் காணொலி ஓடிக்கொண்டிருக்கிறது. வழியில் எத்தனையோ கோபுரங்கள் மாறுகின்றன. காணொலி அறுபடுவதில்லை. ஏன்? கைப்பேசியின் ஐபி முகவரி கோபுரத்தோடு மாறுவதில்லை. நம் பொட்டலங்களை ஒவ்வொரு கோபுரமும் ஜிடிபி என்ற உறைக்குள் போட்டு, நிறுவனத்தின் மைய நிலையத்துக்கு அனுப்புகிறது. பொருளாதாரப் பாடத்தில் வரும் ஜிடிபி அல்ல இது. கோபுரம் மாறினால் சுரங்கத்தின் ஒரு முனையை மட்டும் புதிய கோபுரத்துக்கு நகர்த்துகிறார்கள். மறுமுனை அசைவதில்லை. உள்ளே இருக்கும் நம் முகவரிக்கு எதுவும் தெரியாது. லாரி மாறுகிறது, எஞ்சின் மாறவில்லை. இதன் எடை ஐபி 20, யுடிபி 8, ஜிடிபி 8 என 36 பைட். ஜிடிபிக்கும் சொந்தமாகப் பூட்டு இல்லை. கைப்பேசிக்கும் கோபுரத்துக்கும் நடுவே காற்றில் போகும்போது இருக்கும் பூட்டு தனி ஏற்பாடு.

பெரிய தரவு மையங்களில் ஓடும் விஎக்ஸ்லேனைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஈதர்நெட் சட்டகத்தையே யுடிபிக்குள் ஏற்றுவது. 2014இல் வரையறுத்தார்கள். பழைய விலேன் முறையில் எண்ணுக்கு 12 பிட் என்பதால் 4096 பிரிவுகளே கிடைக்கும். இதில் 24 பிட், 1,67,77,216 பிரிவுகள். எடை 50 பைட். பூட்டு இல்லை. வங்கிக் கிளைகளையும் அலுவலகங்களையும் இணைக்க நிறுவனங்கள் தரும் எம்பிஎல்எஸ் முறை, முழு உறை போடாமல் 4 பைட் சீட்டு ஒன்றை ஒட்டுகிறது. அதையும் விபிஎன் என்றே விற்கிறார்கள். அதிலும் பூட்டு இல்லை. மற்றவர் பாதையோடு கலக்காது என்பதுதான் அந்தப் பெயரில் இருக்கும் தனிமை.

அப்படியானால் பூட்டு எங்கே? ஐபிசெக்கில் இருக்கிறது. 1995 முதல் இருந்து வரும் தொகுப்பு இது. இதற்குள்ளேயே மூன்று நிலைகளைப் பிரித்துச் சொல்ல முடிவதால் வகுப்புக்கு மிகவும் பயன்படுகிறது. ஏஎச் என்ற பகுதி அரக்கு முத்திரை மாதிரி. வழியில் யாராவது மாற்றினால் தெரிந்துவிடும், ஆனால் படிப்பதைத் தடுக்காது. இஎஸ்பி என்ற பகுதிதான் மறையாக்கம் செய்து பூட்டுவது. அதிலும் இரண்டு முறை. ஒன்றில் சரக்கை மட்டும் பூட்டி, முகவரித் தலைப்பைத் திறந்தே விடுவார்கள். சுரங்க முறை என்பதில் பழைய தலைப்பையும் சேர்த்துப் பூட்டிப் புதிய தலைப்பு ஒட்டுவார்கள். இரண்டாவதில்தான், யார் யாருக்கு அனுப்புகிறார்கள் என்பதும் வழியில் இருப்பவருக்குத் தெரியாமல் போகும்.

எல்2டிபிக்குச் சொந்தப் பூட்டு கிடையாது என்பதால்தான் அதை எப்போதும் ஐபிசெக்கோடு சேர்த்தே சொல்வார்கள். அதற்கு முன்பு பரவலாக இருந்த பிபிடிபியில், ஜிஆர்இ லாரியின் மேலேயே ஒரு பூட்டு போட்டிருந்தார்கள். அதன் கடவுச்சொல் சரிபார்ப்பை உடைப்பது எளிது என்று 2012இல் செய்தே காட்டிவிட்டார்கள். பூட்டு இருந்தும் பயனில்லை. பழைய ரவுட்டர்களில் இன்றும் அந்தத் தெரிவு கிடக்கும், தேர்ந்தெடுக்க வேண்டாம். இப்போது எல்லாரும் பேசும் வயர்கார்ட், 2020 மார்ச்சில் லினக்ஸ் கருவகத்தின் 5.6 பதிப்பில் சேர்ந்தது. மறையாக்க முறையைத் தேர்ந்தெடுக்கும் வேலையையே பயனருக்கு வைக்காமல், ஒரே ஒரு தொகுப்பை நிலையாக வைத்துவிட்டார்கள். ஐபிவி4இன் மேல் ஓடினால் கூடுதல் எடை 60 பைட். ஐபிவி6இன் மேல் 80. அதனால்தான் அதன் எம்டியு வழக்கமாக 1420 என்று இருக்கும். முன்பு பார்த்த 1492 கணக்கைப் புரிந்துகொண்ட மாணவர்கள், இந்த 1420 எங்கிருந்து வந்தது என்று அவர்களாகவே கழித்துக் கண்டுபிடித்தார்கள். அன்றைக்கு எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

திங்கட்கிழமை மாணவியிடம் முதலில் என் பிழையைச் சொன்னேன். பிறகு அவள் நிறுவிய செயலியைப் பற்றிப் பேசினோம். அதில் பூட்டு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பூட்டு கைப்பேசியில் தொடங்கி எங்கே முடிகிறது? செயலியை நடத்தும் நிறுவனத்தின் சேவையகத்தில். அங்கே உறை பிரிகிறது, எஞ்சின் லாரியிலிருந்து இறங்குகிறது. அதற்கு மேல் கல்லூரியின் தளம் வரை வழக்கமான பயணம்தான். பேருந்து நிலைய வைஃபைக்காரர் பார்க்க முடியாமல் போனதை, இப்போது முகம் தெரியாத நிறுவனம் பார்க்கும் இடத்தில் இருக்கிறது. நம்பிக்கையை ஒழித்துவிடவில்லை, ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவரிடம் கொடுத்திருக்கிறோம். இலவசமாகத் தருகிறவர் சேவையகத்துக்கும் கற்றைக்கும் யார் தலையில் செலவு எழுதுகிறார் என்ற கேள்வியை அவளே கேட்டாள்.

2022 ஏப்ரல் 28 அன்று இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் ஓர் ஆணை வெளியிட்டது. பொதுமக்களுக்கு விபிஎன் சேவை தருபவர்கள் தங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, அவருக்கு ஒதுக்கிய ஐபி முகவரி முதலியவற்றை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது. உடன்படாத நிறுவனங்கள் சில இந்தியாவில் வைத்திருந்த சேவையகங்களை எடுத்துவிட்டன. அந்த ஆணை சரியா தவறா என்பது தனி விவாதம். மாணவர்களுக்கு நான் காட்ட விரும்பியது, சுரங்கத்தின் மறுமுனையில் பதிவேடு வைக்கக்கூடிய ஓர் ஆள் எப்போதும் உட்கார்ந்திருக்கிறார் என்பதை.

கல்லூரி விண்ணப்பத் தளமும் வங்கிச் செயலியும் தம் சொந்தப் பூட்டோடுதான் வருகின்றன. எச்டிடிபிஎஸ் என்று தொடங்கும் தளத்தில் நாம் எழுதுவது, கைப்பேசியில் தொடங்கி அந்தத் தளம் வரை பூட்டியே போகிறது. விபிஎன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்படித்தான். எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது மட்டும் வழியில் உள்ளவருக்குப் பெரும்பாலும் தெரியும். எனவே அவள் அப்பாவுக்கு என் பதில் இது. அந்தச் செயலியை நீக்கிவிடுங்கள், வங்கி வேலைக்கு உங்கள் சிம்மின் தரவையே பயன்படுத்துங்கள், தளத்தின் முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள், ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள். போலித் தளத்துக்குப் போனால் எவ்வளவு நல்ல சுரங்கமும் நம்மைப் பத்திரமாக அந்தத் திருடன் வீட்டு வாசலில்தான் இறக்கிவிடும். வீட்டிலிருந்து வேலை செய்வோர் தங்கள் அலுவலகம் கொடுத்த விபிஎன் போடுவது வேறு கணக்கு. அங்கே மறுமுனையில் இருப்பது அவர்களுடைய அலுவலகமே. அவர் கேட்டுவிட்டு, "லோடு பத்திரமா போகும், எறக்கற எடம் ஆரு எடம்ங்கறதுதான் விசயம், அப்படித்தானுங்க?" என்றார். என் கரும்பலகைக் குழாயைவிட இது மேல்.

இப்போது இந்தப் பாடத்தைப் படம் வரைந்து நடத்துவதில்லை. ஐந்து மாணவர்கள் வரிசையாக நிற்பார்கள், அவர்கள்தான் ரவுட்டர்கள். ஒவ்வொருவர் கையிலும் 15 சென்டிமீட்டர் நீளப் பிளவு வெட்டிய அட்டை. ஒரு சென்டிமீட்டர் 100 பைட். அந்தப் பிளவின் வழியாகத்தான் பொட்டலத்தை அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். முதல் சுற்றில் வெறும் காகிதம் போகும், யாரும் படிக்கலாம். இரண்டாவது சுற்றில் அதையே கண்ணாடித் தாள் உறையில் போட்டு, வெளியே வேறு முகவரி ஒட்டுவோம். ரவுட்டர்கள் வெளி முகவரியைப் பார்த்து அனுப்புகிறார்கள். வரிசையில் ஒருவரை மட்டும் வேவு பார்க்கச் சொல்லியிருப்பேன். அவர் உள்ளே இருப்பதை வாய்விட்டுப் படிப்பார். வகுப்பு சிரிக்கும். இதுதான் ஜிஆர்இ என்று சொல்வேன். மூன்றாவது சுற்றில், காகிதத்தில் உள்ள எழுத்துகளை இரு முனையில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த முறையில் மாற்றி எழுதி அதே உறையில் போடுவோம். வேவுக்காரர் விழிப்பார். நான்காவது சுற்றில் சரியாக 15 சென்டிமீட்டர் அகலக் காகிதம். உறையில் போட்டதும் பிளவில் நுழையாது. என்ன செய்வது என்று அவர்களே சண்டை போட்டு முடிவெடுக்க வேண்டும். மடிக்கலாம் என்பார்கள், கிழித்து இரண்டாக அனுப்பலாம் என்பார்கள், முதலிலேயே சின்னக் காகிதத்தில் எழுதச் சொல்லலாம் என்பார்கள். மூன்றுமே நிஜ வலையமைப்பில் உண்டு. ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்கள் முதல் மூன்று சுற்றை மட்டும் செய்யலாம். நெறிமுறைப் பெயர் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஆண்டு அந்த விளையாட்டு முடிந்ததும் கடைசி வரிசைப் பையன் ஒருவன் எழுந்தான்.

"சார், லாரி எந்த வழியா போகோணும்னு கேக்கறோம். அதுக்கு, லாரிமேல இருக்கற எஞ்சின்மேல ஏறிப் போன்னு வழி சொன்னா என்னங்க ஆகும்?"

நிஜமாகவே நடக்கும் கோளாறு அது. சுரங்கத்தின் மறுமுனைக்குப் போகும் வழி அந்தச் சுரங்கத்துக்குள்தான் இருக்கிறது என்று ரவுட்டர் தவறாகக் கற்றுக்கொண்டுவிட்டால், பொட்டலத்துக்கு உறை போட்டு, அந்த உறைக்கு மேல் உறை போட்டு, அதற்கு மேலும் போட்டுக்கொண்டே இருக்கும். இதைக் கண்டுகொள்ளும் ரவுட்டர்கள் அந்தச் சுரங்கத்தையே கொஞ்ச நேரம் மூடிவிடும். ஐபிவி6க்கு 1998இல் விதி எழுதியவர்கள், ஓர் உறைக்கு மேல் இன்னும் எத்தனை உறை ஏறலாம் என்று எழுதி வைக்கத் தலைப்பில் இடம் ஒதுக்கி, வழக்கமான எண்ணாக 4 என்று வைத்தார்கள். பதிலைச் சொல்லிவிட்டுத் திரும்பினால், பையன் கரும்பலகையில் லாரிமேல் எஞ்சின், எஞ்சின்மேல் லாரி என்று வரைந்துகொண்டு போய், மேல் சட்டத்தைத் தொட்டிருந்தான்.